அலுமினிய யன்னல் போட முற்பணம் கொடுக்கமுன் ஒருக்கா வாசியுங்கோ

கிளிநொச்சி, பரந்தன், விசுவமடுப் பக்கம் யன்னல் மாற்றவோ நுளம்பு வலைக் கதவு போடவோ நினைத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு யன்னல் போட்ட ஆளின் பெயரையும் கடையின் பெயரையும் போடப்போவதில்லை. அவருடைய அம்மா 2009இல் மெனிக் பாம் அகதி முகாமில் எங்களுக்குப் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர். நான் ஏமாந்ததற்குப் பாதிக் காரணமும் அதுதான்.

எங்களுடையது இந்திய அரசின் உதவியில் கட்டிய இந்தியன் வீட்டுத்திட்ட வீடு. 550,000 ரூபாவைக் கட்டம் கட்டமாகத் தந்தார்கள். இந்தக் கட்டம் முடிந்தால்தான் அடுத்த கட்டக் காசு வரும் என்பதால், ஈரம் காயாத மரத்திலேயே நிலையும் யன்னலும் செய்து போட்டோம். பத்து வருடத்தில் மரம் முறுகிக் கொளுக்கி மாட்ட முடியாமல் போனது. மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொண்டது. சரி, ஆறு யன்னலையும் அலுமினியத்தில் மாற்றி, குசினி வாசலுக்கு ஒரு வலைக் கதவும் போடுவோம் என்று ஆவணி மாதம் அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன்.

சதுர அடி 1,800 ரூபா என்றார். நாலுக்கு நாலு யன்னல், ஒன்றுக்கு 16 சதுர அடி, ஆறுக்கும் 172,800. எவர்சில்வர் வலை போட்ட கதவு 30,000. "அக்கா, உங்களுக்கெண்டபடியா ரண்டு லட்சமா வைப்பம்" என்று 2,800 ரூபாவைத் தள்ளினார். அந்த 2,800இல்தான் நான் விழுந்தேன். 120,000 ரூபா முற்பணம் வங்கியில் போட்டேன். "தம்பி, ஒரு கொட்டேஷன் எழுதித் தருவீரோ?" என்று கேட்க வாய் வந்தது. "என்னக்கா, என்னட்டையோ?" என்று கேட்டுவிட்டால் என்ற கூச்சத்தில் கேட்கவில்லை.

அடுத்த கிழமையே வந்து, "சரியான அளவெடுக்க வேணும்" என்று இரண்டு யன்னலைக் கழற்றினார். ஆள் சுறுசுறுப்பு என்று சந்தோஷப்பட்டேன். அது சுறுசுறுப்பில்லை, கட்டிப்போடும் வேலை என்று பிறகுதான் விளங்கியது. சுவரில் இரண்டு ஓட்டையோடு இருப்பவள் இன்னொருவரைத் தேடிப் போகமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். ஓட்டைகளுக்குத் தரப்பாள் கட்டினோம். இரவில் காற்றுக்கு அது படபடவென்று அடிக்கும்போது அம்மா எழும்பி உட்கார்ந்துவிடுவார். அந்தச் சத்தம் அவருக்கு எதை நினைவூட்டும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. புது யன்னல் முற்றத்தில் வந்து இறங்கும்வரை பழசில் ஒரு ஆணியையும் கழற்ற விடாதேங்கோ.

பிறகு போன்தான். சாமான் கொழும்பிலிருந்து வரேல்லை, விலை ஏறிப்போச்சு, வேலைப் பெடியனுக்குக் காய்ச்சல். 2022இல் விலை ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் நினைவிருப்பதால் விலைக் கதை எப்போதும் எடுபடும். ஐப்பசிக் கடைசியில் பட்டா லொறியில் சாமானோடு வந்து நின்றுகொண்டு, மிச்சக் காசைத் தந்தால்தான் இறக்குவேன் என்றார். 60,000 கொடுத்தேன். 20,000ஐ வேலை முடிந்தபின் என்று பிடித்துக்கொண்டேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே புத்தியான காரியம் அது.

கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை பிடித்தது. முதல் இரவே மகனின் கட்டில் நனைந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால், யன்னல் ஓடும் கீழ்த் தண்டவாளம் பீலி மாதிரி நிரம்பி, தண்ணீர் உள்ளே வழிகிறது. இழுக்கும் யன்னலில் கண்ணாடியில் அடிக்கும் மழை கீழே இறங்கி அந்தத் தண்டவாளத்தில்தான் சேரும். அது வெளியே வடிய, வெளிப்பக்க விளிம்பில் சின்னத் துளைகள் இருக்கவேண்டும். என் ஆறு யன்னலில் ஒன்றிலும் துளையில்லை. போதாததற்கு வெளி இடுக்கு முழுவதையும் சிலிக்கனால் அடைத்திருந்தார். போன் எடுத்தேன். "சாரல் அடிச்சா எந்த யன்னலும் கொஞ்சம் ஒழுகும்தானே அக்கா, நாளைக்கு வாறன்."

வலைக் கதவு இன்னொரு கூத்து. தை மாதம் வலையெல்லாம் பழுப்பாகத் துரு. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்தேன், கப்பென்று பிடித்துக்கொண்டது. நல்ல எவர்சில்வர் வலையில் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் மிக இலேசாகத்தான். வலையைப் பிடிக்கும் ரப்பரும் ஒரு பக்கம் கழன்று தொங்க, நுளம்பு அந்த வழியாலேயே வந்து போனது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிற சாதி, குசினியில் நிற்கிறவளுக்குத்தான் முதல் கடி.

கடைசியில் விசுவமடுவிலிருந்து ஒரு வயதான ஐயாவைக் கூப்பிட்டேன். ட்ரில் எடுத்து யன்னலுக்கு இரண்டாகப் பன்னிரண்டு துளை போட்டார், அரை மணித்தியாலம். பிறகு நாடாவை எடுத்து அளந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, எத்தினை அடிக்குக் காசு குடுத்தனீங்கள்?" என்றார். யன்னல் உண்மையில் 46 அங்குலத்துக்கு 45. ஒன்று 14 சதுர அடியும் கொஞ்சமும். நான் 16க்குக் கணக்குப் பேசியிருக்கிறேன். ஆறுக்கும் சேர்த்தால் 17,550 ரூபா இல்லாத அலுமினியத்துக்கு. சுவருக்கும் யன்னலுக்கும் இடையிலிருந்த இடைவெளியைச் சீமெந்தால் பூசி மறைத்திருந்தார். தள்ளித் தந்த 2,800 எங்கேயிருந்து வந்தது என்று அப்போது விளங்கியது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் கதைக்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், வேலை நடந்து 3 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். என் 3 மாதத்தையும் அவருடைய "நாளைக்கு" தின்றுவிட்டது. வழக்குக்குப் போகாமல் பேசித் தீர்க்கிற இணக்க சபைக்குப் போனேன். முதல் தடவை அவர் வரவில்லை. இரண்டாம் தடவை வந்தபோது என் கையில் இருந்தவை இரண்டு வங்கித் துண்டும் போனில் எடுத்த படங்களும்தான். எவர்சில்வர் வலை என்று பேசியதற்கு ஒரு எழுத்துக்கூட இல்லை. நான் பிடித்துவைத்த 20,000ஐக் கேட்பதில்லை, மேலும் 25,000 திருப்பித் தருவது என்று முடிந்தது. இதுவரை 10,000 தந்திருக்கிறார்.

பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலுக்குப் போனபோது அவருடைய அம்மாவைக் கண்டேன். கையைப் பிடித்துக்கொண்டு, "பெடியன் போட்ட யன்னல் எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்டார். நல்லாயிருக்கு அம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.