விட்ட நாளுக்கு மறுநாள்: தேதி டைரியா, வெறும் நோட்டா, போனா?

என் மேசை இழுப்பறையில் ஆறு டைரிகள் கிடக்கின்றன. ஆறிலும் ஜனவரி பொடி எழுத்தில் நிரம்பி வழியும். பிப்ரவரியில் பாதிப் பக்கம் காலி. மார்ச்சில் யாருடையது என்றே தெரியாத ஒரு போன் நம்பர். அதற்கப்புறம் பின்னட்டை வரை வெள்ளை. ஏழாவது டைரிக்குக் கை போனபோதுதான் உறைத்தது: இதுவரை ஒவ்வொன்றையும் உற்சாகமாக எழுதப்போகும் நாளை நினைத்தே வாங்கியிருக்கிறேன். எழுதாமல் விட்ட நாளை நினைத்து வாங்கியதே இல்லை.

டைரியா செயலியா என்று அலசுகிறவர்கள் வசதிகளை எண்ணுவார்கள். தாளின் தரம், கலர், ரிமைண்டர், விட்ஜெட். எனக்கு அவை இரண்டாம்பட்சம். பத்து நாள் கைவிட்டுவிட்டுத் திரும்பி வருகிறவனை இது எப்படி எதிர்கொள்ளும் என்பதுதான் என் முதல் கேள்வி. இதற்கு மறுநாள் சோதனை என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். அதன் பின்னால் இரண்டு சில்லறைக் கேள்விகள் உண்டு: முடியாமல் நின்ற வேலை எங்கே போகிறது? நான் மறந்தால் இது ஞாபகப்படுத்துமா?

தேதி அச்சிட்ட டைரி

இதன் பலம், முன்வேலையே கிடையாது என்பது. திறந்தால் இன்றைய பக்கம் தயாராக இருக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு தேர்வு என்றால் அந்தத் தேதிக்குப் புரட்டி எழுதிவிட்டு நிம்மதியாக மூடிவிடலாம். இடத்துக்கு ஓர் எல்லை இருப்பதும் நல்லதே. பக்கத்தில் அடங்காத பட்டியல் பெரும்பாலும் நாளிலும் அடங்காது.

வினையும் அந்தத் தேதியில்தான் இருக்கிறது. நான்கு நாள் விட்டால் நான்கு வெள்ளைப் பக்கங்கள், கடன் கொடுத்தவர் வாசலில் நிற்பதுபோல நிற்கும். அதைத் தாங்க முடியாமல், போன செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் ஏற்கெனவே முடித்த வேலைகளை எழுதி டிக் போட்ட ஆள் நான். திட்டமிடுவதற்காக வாங்கிய பொருளுக்கு வருகைப்பதிவு போடத் தொடங்கினால் அதன் ஆயுள் இன்னும் ஒரு வாரம்தான்.

ஆனால் எல்லாத் தேதி டைரியும் ஒன்றல்ல. ஜப்பானின் ஹோபோனிச்சி டெச்சோ போன்ற நாளுக்கொரு பக்க டைரி, நாட்குறிப்பும் சேர்த்து எழுதுகிறவருக்கு அருமையான பொருள். மெல்லிய தாள், ஒரு வருடத்தையே அடக்கினாலும் கையில் கனக்காது. வேலைப் பட்டியல் மட்டும் போடுகிறவருக்கோ நாளுக்கு நான்கு வரிதான் வரும், மீதிப் பக்கம் முறைத்துக்கொண்டே இருக்கும். அதைவிட வார டைரி மேல். இடப்பக்கம் ஏழு நாளும், வலப்பக்கம் முழுக்கக் கோடு மட்டும் போட்டு வெறுமையாகவும் விட்ட அமைப்பு ஒன்று உண்டு. மூன்று நாள் எழுதாவிட்டால் மூன்று சின்னக் கட்டம் காலி, அவ்வளவுதான். வாரம் முழுவதும் கண்முன் இருப்பதால் வியாழக்கிழமையில் எல்லாவற்றையும் திணித்திருப்பதும் தெரிந்துவிடும். தேதி டைரிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு என் ஓட்டு இதற்கே.

மணி மணியாகக் கட்டம் பிரித்த பக்கங்களை மட்டும் கொஞ்சம் எட்டியே வைக்கலாம். 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று உளவியல் மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது சுமார் 34 நாள். ஆனது 55-க்கும் மேல். வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே கணக்கிடும் இந்தப் புத்திக்கு, 9 முதல் 6 வரை வரிசையாகக் கட்டம் கொடுத்தால் அத்தனையையும் நிரப்பும். முதல் வேலை அரை மணி இழுத்தாலே மீதி எல்லாமே சரியும். பதினோரு மணிக்கே தோற்றுப்போன நாளை மதியத்துக்கு மேல் யார் திறந்து பார்ப்பார்கள்? மணிக்கட்டம்தான் வேண்டுமென்றால், பாதியைக் காலியாக விடும் மனவுறுதியும் கூடவே வேண்டும்.

வளையம் வைத்த பைண்டர் வகை இதில் ஒரு தனிக் கிளை. லண்டனில் 1921-இல் தொடங்கிய ஃபைலோஃபாக்ஸ் அதற்குப் பழைய உதாரணம். பக்கத்தைக் கழற்றலாம், சேர்க்கலாம். எழுதாத வாரத்தை உருவி எறிந்துவிட்டால் சாட்சியே இல்லை! மறுநாள் சோதனையில் இது சுலபமாகத் தேறுகிறது. இடைஞ்சல் வளையம்தான். இடப்பக்கத்தில் எழுதும்போது உள்ளங்கையில் குத்தும். பையில் ஒரு செங்கல் அளவு இடமும் பிடிக்கும்.

சின்ன விலகல். இந்தத் துறையின் குலதெய்வம்போல எல்லோரும் கும்பிடுவது பெஞ்சமின் ஃபிராங்க்ளினை. நாளை மணிக்கணக்காகப் பிரித்து அட்டவணை போட்டவர், 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, தவறியதற்கெல்லாம் கரும்புள்ளி வைத்தவர். 1980களில் அமெரிக்காவில் வந்த ஒரு பிரபலமான பிளானர் அவர் பெயரையே சூட்டிக்கொண்டது. அதே ஃபிராங்க்ளின்தான், அந்தப் பதின்மூன்றில் தன்னை அதிகம் படுத்தியது 'ஒழுங்கு' என்று தன்வரலாற்று நூலில் ஒப்புக்கொள்கிறார். பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி நோட்டில் ஓட்டை விழுந்துவிட்டதாம். பிறகு தந்தத் தகடு வைத்த குறிப்பேட்டுக்கு மாறி, பென்சிலால் குறித்து ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டாராம். நேற்றைய கறை தெரியாத சாதனம் வேண்டும் என்பது அவருக்கே புரிந்திருக்கிறது.

தேதி இல்லாத வெறும் நோட்டு

எந்த நோட்டானாலும் சரி. கடைசியாக எழுதிய வரிக்குக் கீழே ஒரு கோடு, இன்றைய தேதி, வேலைகள். பத்து நாள் விட்டாலும் இடைவெளி ஒரு கோடு அளவுதான். மறுநாள் சோதனையில் இதற்கு முழு மதிப்பெண்.

இதற்கு ஓர் இலக்கணம் வகுத்துப் பரவச் செய்தவர் ரைடர் கரோல். புல்லட் ஜர்னல் என்ற பெயரில் 2013-இல் வெளியிட்டார். சிறுவயதிலிருந்தே கவனக்குறைபாட்டோடு போராடியவர், தனக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. வேலைக்குப் புள்ளி, முடிந்தால் அதன்மேல் பெருக்கல் குறி, அடுத்த பக்கத்துக்குத் தள்ளினால் அம்புக்குறி, நிகழ்ச்சிக்கு வட்டம், குறிப்புக்குச் சிறுகோடு. முன்பக்கத்தில் பொருளடக்கம். மூலவடிவம் இத்தனை மொட்டையானது. இன்று அந்தப் பெயரில் உலவும் வாட்டர்கலர் பூக்களையும் அலங்கார எழுத்துகளையும் பார்த்து மிரள வேண்டாம். அது தனிப் பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பார்டர் வரைந்தால்தான் திங்கட்கிழமை தொடங்கும் என்றால், அந்தத் திங்கட்கிழமை வெகுநாள் தொடங்காது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அம்புக்குறிதான். முடியாத வேலையை மறுபடி கையால் எழுத வேண்டும். முதல் தடவை ஒன்றும் தெரியாது. நான்காம் தடவை 'புகைப்படங்களை ஒழுங்குபடுத்த வேண்டும்' என்று எழுதும்போது கைக்கே சலிப்பு வரும். ஒன்று இன்றைக்கே செய்துவிடுவேன், இல்லையென்றால் வெட்டிவிடுவேன். அந்தச் சலிப்புதான் சல்லடை.

குறைகள் கனமானவை. நோட்டு வாய் திறக்காது. மூன்று மணிக்கு ஆள் காத்திருக்கிறார் என்றால் பைக்குள் மூடிக்கிடக்கும் நோட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை. எதிர்காலத் தேதிகளுக்குத் தனிப்பக்கம் வைக்க வேண்டும், அதைப் புரட்டிப் பார்க்க ஞாபகம் வேண்டும். மாதாமாதம் வருகிறதை மாதாமாதம் எழுத வேண்டும். தொலைந்தால் தொலைந்ததுதான், நகல் இல்லை.

போன்

இங்கே இரண்டு சாமான்களை ஒன்றாகக் குழப்பக்கூடாது. கேலண்டர் வேறு, வேலைப் பட்டியல் போடும் டூ-டூ செயலி வேறு. என் மதிப்பீட்டில் முன்னது தங்கம். பின்னதைப் பற்றிப் புகழ அவ்வளவு இல்லை.

கூகுள் கேலண்டர் 2006-இல் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் வந்த எல்லா மின்கேலண்டர்களும் காகிதத்தை நிரந்தரமாகத் தோற்கடித்த இடங்கள் நான்கு: அலாரம், திரும்பத் திரும்ப வரும் தேதி, நேரம் மாறினால் நகர்த்துவது, பிறரோடு பகிர்வது. இதில் வாதாட ஒன்றுமில்லை. விட்ட நாளைப் பற்றியும் அது கவலைப்படாது, நேற்று தானாகப் பின்னால் போய்விடும்.

டூ-டூ செயலியின் குணம் வேறு. பத்து நாள் கழித்துத் திறந்தால் சிவப்பில் 47 வேலை, எல்லாம் 'கெடு தாண்டியது'. காகிதத்தின் வெள்ளைப் பக்கம் சும்மா முறைக்கும், இது எண்ணிக்கையும் சொல்லும். சரி, எல்லாவற்றையும் நாளைக்குத் தள்ளு என்றால் ஒரே தட்டில் தள்ளிவிடும். நோட்டில் கை வலித்ததே, அந்த வலி இங்கே இல்லை. செலவில்லாத ஒத்திப்போடல் என்பதால் ஒரே வேலையை எட்டு மாதம் தள்ளிக்கொண்டே போயிருக்கிறேன். அறிவிப்புகளோ கொஞ்ச நாளில் கண்ணுக்குப் பழகிவிடும், விரல் தானாக ஒதுக்கித் தள்ளும். பட்டியலைப் பார்க்கத் திறந்த போனில் முடிவது வேறெங்கோ என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காகிதக் கட்சிக்காரர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது டோக்கியோ பல்கலைக்கழகத்தின் 2021 ஆய்வை. 18 முதல் 29 வயதுள்ள 48 பேரிடம் ஓர் உரையாடலைக் கொடுத்து, அதில் வந்த வகுப்பு நேரங்களையும் கெடுத் தேதிகளையும் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். காகிதத்தில் எழுதியவர்கள் ஏறத்தாழ 11 நிமிடத்தில் முடித்தார்கள், டேப்லெட்டில் 14, போனில் 16. ஒரு மணி நேரம் கழித்து மூளையை ஸ்கேன் செய்துகொண்டே கேள்வி கேட்டபோது, காகிதக் குழுவினருக்கு நினைவோடு தொடர்புள்ள பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. ஆனால் விடை சொல்வதில் அவர்கள் முந்தியது எளிய கேள்விகளில் மட்டுமே. ஆகவே 'காகிதம் என்றால் மறக்காது' என்று இதை வைத்துக்கொண்டு அடித்துப் பேச முடியாது. குறித்துக்கொள்ள வேகமானது என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஒரே வேலை, மூன்று கையில்

பொதுவாகப் பேசுவதைவிட மூன்று நிஜ வேலைகளை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

வியாழன் மூன்று மணிச் சந்திப்பு வெள்ளி பதினொன்றுக்கு மாறுகிறது. டைரியில் அடித்தல், அம்பு, ஓரத்தில் கிறுக்கல். நோட்டில் அதைவிட மோசம், ஏனென்றால் வெள்ளிக்கிழமைக்குப் பக்கமே இன்னும் பிறக்கவில்லை. போனில் இழுத்து விட்டால் முடிந்தது, அழைத்திருந்த மற்றவருக்கும் தகவல் போய்விடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் வடிகட்டி மாற்ற வேண்டும். போனைத் தவிர வேறெதையும் யோசிக்கவே வேண்டாம்.

ஒரு பழைய நண்பருக்குப் பதில் எழுத வேண்டும். இதற்குத் தேதியும் இல்லை, கெடுவும் இல்லை. போனில் போட்டால் பட்டியலின் அடியாழத்தில் புதையும். தேதி டைரியில் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றே தெரியாது. நோட்டில் தினமும் கண்ணில் படும், அம்புக்குறி ஏறிக்கொண்டே போகும், ஒருநாள் வெட்கத்திலாவது எழுதிவிடுவேன்.

2011-இல் மாசிகாம்ப்போ, பௌமைஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியது இங்கே பொருந்தும். முடியாத வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும். அதை முடிக்காமலேயே, எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டவட்டமாக வகுத்துவிட்டால் அரிப்பு அடங்குகிறது. 'பதில் எழுத வேண்டும்' என்பது அரிப்பை அப்படியே காகிதத்துக்கு மாற்றுவதுதான். 'சனிக்கிழமை காலை, எழுந்ததும், அரைப் பக்கம்' என்றால்தான் திட்டம். கருவி எதுவானாலும் இது மாறாது.

இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். வைத்துக்கொண்டேன், அடிபட்டேன். ஒரு நேர்முகத் தேர்வை டைரியிலும் போனிலும் குறித்திருந்தேன். அது ஒரு மணி நேரம் முன்னதாக மாறியபோது போனில் மட்டும் மாற்றினேன். அன்று காலை பார்த்தது டைரியை. ஒரு மணி நேரம் தாமதமாகப் போய், காலியான வரவேற்பறையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். இரண்டு கருவியால் வந்த தவறில்லை அது, ஒரே செய்தி இரண்டு இடத்தில் குடியிருந்ததால் வந்தது.

எது யாருக்கு?

நாள் முழுக்கப் பிறரோடு நேரம் ஒத்துப்போக வேண்டிய வேலை என்றால் கேலண்டர் மட்டும் போதும், டைரி வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். நேரம் உங்கள் கையில், வேலைகள்தான் சிதறிக்கிடக்கின்றன என்றால் வெறும் நோட்டு. ஒவ்வொரு வாரமும் ஒரே சட்டத்தில் ஓடுகிறவருக்கு, ஆசிரியர்போல, வார டைரி. நாளுக்கொரு பக்க டைரியை, இரவில் நான்கு வரியாவது எழுதாமல் தூக்கம் வராதவருக்கு மட்டும் சிபாரிசு செய்வேன்.

எதை எடுத்தாலும் எத்தனை நாளில் பழகும் என்ற கேள்வி வரும். லண்டனில் 96 பேரை வைத்து பிலிப்பா லாலியும் குழுவினரும் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் நிலைக்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை விரிந்தது. அவர்கள் பார்த்தது உண்பது, குடிப்பது, உடற்பயிற்சி போன்ற பழக்கங்களை, டைரி எழுதுவதை அல்ல. ஆனாலும் அதில் ஒரு செய்தி என் இழுப்பறைக்கு நேராகப் பேசுகிறது: ஒரு நாள் தவறவிட்டதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. என் ஆறு டைரிகளும் செத்தது விட்ட நாளால் அல்ல, அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்து நான் வெட்கப்பட்டு மூடியதால்.

இப்போது என் ஏற்பாடு இது. மணி குறிப்பிட்டவை எல்லாம் போன் கேலண்டரில், அங்கே மட்டும். மணி இல்லாதவை எல்லாம் ஏ5 அளவுள்ள ஒரு நோட்டில், அங்கே மட்டும். காலையில் கேலண்டரைப் பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் நேரத்துக்கு மூன்று புள்ளி. டூ-டூ செயலியை அழித்துவிட்டேன்.

போன மாதம் ஒன்பது நாள் நோட்டைத் தொடவில்லை. பத்தாம் நாள் திறந்தபோது கடைசிப் பக்கத்தில் பாதி மீதியிருந்தது. ஒரு கோடு போட்டேன், தேதி எழுதினேன். முதல் புள்ளி, அந்தப் பழைய நண்பருக்குப் பதில். அதன் மேல் பெருக்கல் குறி விழ இன்னும் இரண்டு அம்புக்குறி ஆனது.