கியரோடு கொடுப்பதா, கழற்றிவிட்டுக் கொடுப்பதா? நன்கொடை சைக்கிள்களில் ஓர் அலசல்

சென்னை, பெங்களூர் அடுக்குமாடிகளில் தூசு படிந்து நிற்கும் சைக்கிள்களை வாங்கி, ஓவராயிலிங் செய்து, வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு, ஒடுகத்தூர், பேரணாம்பட்டுப் பக்கத்து ஊர்களுக்குக் கொடுக்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். வருபவற்றில் பெரும்பாலானவை 26 அங்குல கியர் வண்டிகள். முன்னால் மூன்று தட்டு, பின்னால் ஆறு அல்லது ஏழு பல்சக்கரம். அந்தக் கியரைச் சரிசெய்து அப்படியே கொடுக்கலாம். அல்லது எல்லாவற்றையும் கழற்றி ஒற்றைப் ப்ரீவீல் (பின்சக்கரத்தில் செயின் ஓடும் ஒரே பல்சக்கரம்) மாட்டிக் கொடுக்கலாம். நாங்கள் கழற்றும் பக்கம்.

கியருக்கு உள்ள நியாயம் தெரிந்ததே. மேட்டில் மிதிக்க லேசு, எதிர்க்காற்றில் உதவும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். பட்டறையிலும் வேலை குறைவு: இரண்டு கேபிள், கொஞ்சம் எண்ணெய், திருகுகளில் அரைச் சுற்று, முடிந்தது. கழற்றி மாற்றினால் ஒரு வண்டிக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகும், புது ப்ரீவீலும் செயினும் வாங்க வேண்டும்.

ஆனால் வண்டி பட்டறையை விட்டுப் போன பிறகுதான் அதன் வாழ்க்கை தொடங்குகிறது. ஆறு மாதம் கழித்து அதை யார் சரிசெய்வார், எந்த உதிரியை வைத்துச் சரிசெய்வார் என்ற கேள்விதான் எங்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

ஏழு பல்சக்கர ப்ரீவீலில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மில்லிமீட்டர். கேபிள் ஒரு மில்லிமீட்டர் தளர்ந்தாலே செயின் இரண்டு பல்சக்கரத்துக்கு நடுவில் தடுமாறும். பீடி இலைக் கட்டோ புல்லுக்கட்டோ ஏற்றிய வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் டீரெய்லரை (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பின்பக்கக் கருவி) தாங்கும் காது உள்நோக்கி வளையும். பார்த்தால் தெரியாது. அடுத்த மேட்டில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது டீரெய்லர் சக்கரக் கம்பிக்குள் போய்ச் சிக்கும். நாலைந்து கம்பி அறும், காது முறியும், சில நேரம் ஃபிரேமே போய்விடும். ஊர்க் கடைக்காரரிடம் கொண்டுபோனால், “இந்த அயிட்டம் நம்மகிட்ட இல்லம்மா, வேலூருல லாங்கு பஜார்ல கேட்டுப் பாருங்க” என்பார். பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி, அப்புறம் உதிரியின் விலை. இதைக் கூட்டிப் பார்க்கிற குடும்பம் வண்டியைச் சுவரோரம் சாத்திவிடும்.

ஒற்றைப் ப்ரீவீலுக்கு அந்தக் கவலை இல்லை. 18 பல் ப்ரீவீல், எட்டில் ஒரு அங்குலச் செயின் இரண்டும் பஞ்சர் கடையிலேயே தொங்கும். அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டி ஊருக்கு ஊர் ஓடுவதால் ஒற்றை வேக உதிரிகளுக்கு இங்கே பஞ்சமே வராது. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் சைக்கிள் கொடுக்கத் தொடங்கிய வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப், ஆப்பிரிக்க நாடுகளுக்கென்று வடிவமைத்த ‘பஃபலோ’ வண்டியைப் பல ஆண்டுகள் ஒற்றை வேகத்திலேயே கொடுத்தது: பின்மிதி பிரேக், 100 கிலோ தாங்கும் கேரியர். உள்ளூர்க்காரர் கையாலேயே சரியாக வேண்டும் என்ற கணக்குதான் அதற்கும்.

மாற்றும் முறை இது. பின்சக்கரத்தைக் கழற்றி, ப்ரீவீல் ரிமூவரை அச்சு நட்டால் லேசாகப் பிடித்துக்கொண்டு, ரிமூவரை வைஸில் கவ்வி, சக்கரத்தையே இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். நட்டு இல்லாமல் சுற்றினால் ரிமூவர் வழுக்கிக் காடி மழுங்கும்; அதற்கப்புறம் ப்ரீவீலை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பல கியர், ஒற்றை இரண்டுக்கும் மறை ஒன்றே என்பதால் 18 பல் ப்ரீவீல் நேராக ஏறும். கிரீஸ் தடவாமல் ஏற்றாதீர்கள்.

அடுத்து செயின் நேர்கோடு. புதுப் பல்சக்கரம் ஒன்றே ஒன்று, ஹப்பை ஒட்டி உட்காரும். முன்னால் நடுத்தட்டுக்கு நேராக அது நிற்க வேண்டும். ஒரு நேரான மரச்சட்டத்தைத் தட்டில் வைத்துப் பாருங்கள். 2 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் அச்சின் வலப்பக்க வாசரை இடப்பக்கம் மாற்றி, ரிம்மை நடுவுக்குக் கொண்டுவரக் கம்பிகளை மறுபடி முறுக்கிக் கோட்டம் எடுக்க வேண்டும். செயினின் வெளித்தகடு பெரிய தட்டில் உரசினால் யோசிக்க வேண்டாம், ஒற்றைத் தட்டுக் கிராங்கையே (பெடலைத் தாங்கும் கை) மாட்டுங்கள். நடுத்தட்டு 38 பல் என்றால் ஒரு முழுச் சுற்று மிதித்தால் ஏறக்குறைய 4.3 மீட்டர் நகரும். 28 அங்குலப் பெரிய சைக்கிளில் 44-க்கு 18 போட்டால் 5.4 மீட்டர். ஆகவே வேகம் குறையும், ஆனால் தண்ணீர்க் குடத்தோடு மிதிக்க அதைவிட லேசு.

இதில் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. அச்சு உட்காரும் பள்ளம் படுக்கையாக இருந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்கலாம். செங்குத்தாக இருந்தால் முடியாது. தொங்கும் செயின் வாரத்துக்கு ஒருமுறை கழலும். அத்தகைய ஃபிரேமில் நாங்கள் பழைய ப்ரீவீல், அதன் மெல்லிய செயின், டீரெய்லர் மூன்றையும் அப்படியே வைத்துவிட்டு, கேபிளையும் கைப்பிடிக் கியரையும் மட்டும் எடுத்துவிடுகிறோம். டீரெய்லரில் ‘எச்’ குறியிட்ட திருகை உள்ளே முடுக்கினால் அது சிறியதிலிருந்து இரண்டாவது பல்சக்கரத்துக்கு நேராக வந்து நிற்கும். செயினை இறுக்குவது மட்டுமே அதற்கு வேலை. கம்பிப் பக்கம் அது போகவே போகாது.

டயர் விஷயத்தில் கியரோடு கொடுத்தாலும் கழற்றிக் கொடுத்தாலும் ஒன்றுதான், என்றாலும் சொல்லாமல் விட முடியவில்லை. 26 அங்குலம் என்று எழுதியதெல்லாம் ஒன்றல்ல. லேடீஸ் சைக்கிளின் 26 × 1⅜ டயர் உட்காரும் ரிம் 590 மில்லிமீட்டர். கியர் வண்டியின் 26 × 1.95 உட்காருவது 559. ஒன்றுக்கு மற்றது சேராது. வண்டி கொடுக்கும்போதே டயர் அளவை ஃபிரேமில் பெயின்டால் எழுதிவிடுங்கள். கடைக்கு ஒரு நடை மிச்சம்.

பின்பக்க ஷாக் வைத்த வண்டிகளை எந்தப் பக்கமும் சேர்க்காதீர்கள், கேரியர் நிற்காது. டிஸ்க் பிரேக் மட்டுமே உள்ளவற்றையும் உதிரிக்காக ஒதுக்கிவிடுங்கள். ஊர்க் கடையில் கிடைப்பது பிரேக் கட்டைதான்.

மலை ஊர்களைப் பொறுத்தவரை எங்கள் பேச்சு கொஞ்சம் தணியும். பீஞ்சமந்தை போன்ற ஜவ்வாது மலைப் பகுதிகளில் ஏற்றம் நீளம். அங்கே கொடுத்த வண்டிகள் குறைவு, அதனால் அடித்துச் சொல்லமாட்டோம். 38-க்கு 18 அங்கே கனமாகத்தான் இருக்கும். 22 பல் ப்ரீவீல் போடுவது ஒரு வழி. பின்கியரை மட்டும் விட்டு, முன்கியரை எடுத்துவிடுவது இன்னொரு வழி. ஆனால் காது வளைந்தால் நிமிர்த்தத் தெரிந்த ஒருவர் அந்த ஊரில் இருந்தால் மட்டுமே அதைச் செய்யுங்கள்.

எந்த வழியில் கொடுத்தாலும் ஒரு வாரம் ஓடிய பின் வண்டியை ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். புதிதாக முறுக்கிய கம்பி தளர்ந்திருக்கும், சக்கர அச்சின் பேரிங்கைப் பிடிக்கும் கோன் ஆடும். எல்லாவற்றுக்கும் முன் இடப்பக்கக் கிராங்கின் 14 எம்.எம். நட்டை இறுக்குங்கள். அது தளர்ந்தபடி இரண்டு நாள் மிதித்தாலே கிராங்கின் சதுரத் துளை உருண்டுவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது.