கல்லூரி லேபா, மொட்டை மாடியா?

ஊரில் லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான கட்டற்ற இயங்குதளம்) பயன்படுத்தும் நாலு பேர் கிடைத்துவிட்டார்கள், சரி, எங்கே கூடுவது? இரண்டையும் பார்த்துவிட்டேன்.

கல்லூரி லேப் என்றால் புரொஜெக்டர், யூபிஎஸ், ஏசி எல்லாம் தயார், மாணவர்களும் தானாக வருவார்கள். ஆனால் அனுமதிக் கடிதம், துறைத் தலைவர் கையெழுத்து என்று ஒவ்வொரு மாதமும் அலைய வேண்டும். நாங்கள் போன ஒரு கல்லூரியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கிருந்த ஃபயர்வால் (இணையப் போக்குவரத்தை வடிகட்டும் தடுப்பு) ஆப்ட் அப்டேட்டையே, அதாவது மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையையே, விடவில்லை, கடைசியில் ஒருவரின் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் டெபியன் என்ற லினக்ஸ் வகைக்கான மென்பொருள் தொகுப்புகளை இறக்கி முடிப்பதற்குள் லேபைப் பூட்ட ஆள் சாவியோடு வந்து நின்றார். செமஸ்டர் தேர்வு வந்தால் கூட்டமே கிடையாது.

மொட்டை மாடியில் பத்துப் பேருக்கு மேல் சிரமம், மழை வந்தால் அவ்வளவுதான். ஆனால் பேச்சு நீளும். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது இல்லையா, அதற்கப்புறம் லினக்ஸுக்கு மாறலாமா என்று பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவருக்கு உரை எதற்கு? பக்கத்தில் உட்கார்ந்து, பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) பூட் வரிசையை, அதாவது எதிலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்பதை, மாற்றி, பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் மின்ட் என்ற எளிய லினக்ஸ் வகையை ஓட்டிக் காட்டி, வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் போதும். (அந்த பிரிண்டர்தான் எப்போதும் வம்பு.)

என் ஓட்டு மாடிக்கு. செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை, கட்டற்ற மென்பொருளைக் கொண்டாடும் மென்பொருள் விடுதலை நாளுக்கு மட்டும் லேபைக் கேட்டுக்கொள்ளலாம்.