குளியலறையில் காயும் கூடாரம்

"ஆறு பேருக்கானது" என்று பெட்டியில் எழுதியிருந்ததை நம்பித்தான் 2017 இல் இந்தக் கூடாரத்தை வாங்கினோம். கருவாட்டைப்போல் அடுக்கினால் ஆறு பேர் படுக்கலாம், உண்மைதான். நாங்கள் இருவரும் பிள்ளைகள் இருவரும் இரண்டு காற்று மெத்தைகளைப் போட்டதும், பைகளை வைக்க வாசலோரம் ஒரு முழ இடந்தான் மிஞ்சியது. தள்ளுபடி போக 240 டொலர். பிள்ளைகள் ஒரு கோடையோடு சலித்துவிடுவார்கள், பிறகு விற்றுவிடலாம் என்பது என் கணக்கு. 2020 ஐத் தவிர்த்து ஏழு கோடைகள் ஓடிவிட்டன.

ஏழு முறையும் ஒரே இடம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து அல்கொன்குவின் பூங்காவில், 60 ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய லேக் ஆஃப் டூ ரிவர்ஸ் முகாம். 1893 இல் தொடங்கிய இந்தப் பூங்காவுக்கு ரொறன்ரோவின் ஸ்கார்பரோவிலிருந்து மூன்றரை மணி நேரம். வெள்ளி மாலையில் புறப்பட்டால் அந்தக் கணக்கை மறந்துவிட வேண்டும். நெடுஞ்சாலை பக்கத்திலேயே இருப்பதால் இரவில் பாரவண்டிகள் போகும் சத்தம் கேட்கும். முழு அமைதி தேடுவோருக்கு இது சரிப்படாது. எங்களுக்கு மணற்கரையும், சின்னவன் பயமின்றி இறங்கக்கூடிய ஆழமற்ற தண்ணீரும், கழிப்பறைக் கட்டடத்தில் சுடுதண்ணீரும் போதுமாக இருந்தன.

இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. போகும் நாளுக்கு ஐந்து மாதம் முன்னர், காலை 7 மணிக்கு முன்பதிவு திறக்கும். ஜூலைக்குப் போக வேண்டுமானால் பெப்ரவரியில், வாசலில் பனி குவிந்து கிடக்கும்போது, கணினியின் முன்னால் விழித்திருக்க வேண்டும். கூடாரம் அடிக்க ஒதுக்கும் ஒரு மனைக்கு ஆறு பேருக்கு மேல் அனுமதியில்லை. அக்கா குடும்பமும் சேர்ந்துகொண்ட வருடத்தில் அடுத்தடுத்த இரண்டு மனைகளைப் பிடிக்க நானும் அக்காவும் தொலைபேசியில் பேசியபடியே ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினோம். கிடைத்தவை இரண்டும் முகாமின் இரண்டு கோடிகளில்.

இனிக் கூடாரத்தின் கதை. முதலில் போனவை முளைகள். கூடவே வந்த மெல்லிய கம்பி முளைகள் முகாமின் இறுகிய சரளை மண்ணில் ஊசிபோல் வளைந்தன. நீளமான இரும்பு ஆணி முளைகளை வாங்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. மூன்றாம் கோடையில் கண்ணாடியிழைத் தடி ஒன்று நெடுக்காகச் சிம்பு சிம்பாகப் பிளந்து கணவரின் உள்ளங்கையில் ஏறியது. அந்த இடத்தில் ஓர் உலோகக் குழாயைச் செருகி ஒட்டுநாடா சுற்றினோம், இன்றும் தாங்குகிறது. ஜிப்பில் மணல் சேர்ந்தால் இழுக்காமல் பழைய பல்தூரிகையால் தட்டிவிட வேண்டும். இது மகள் கண்டுபிடித்தது.

மழைக்கு அது அசைந்ததில்லை. கூடாரத்துக்கு மேலாக மரத்துக்கு மரம் கயிறு கட்டி ஒரு தறப்பாளையும் இழுத்துவிடுவோம். கூடாரத்தைக் கெடுத்தது பெய்த மழையல்ல, புறப்படும் நாளில் நாங்கள் காட்டிய அவசரம். 2018 இல் ஞாயிறு காலை தூறலில் எல்லாவற்றையும் ஈரத்தோடு சுருட்டிப் பைக்குள் திணித்து, வீட்டுக்கு வந்து அலமாரியில் போட்டு மறந்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது புளித்த நாற்றம். ஓரமெங்கும் கரும்புள்ளிகள், எத்தனை தேய்த்தும் நிழல்போல் நின்றுவிட்டன. கூடாரத்தின் மேல் விரிக்கும் மழைத்துணியின் உட்புறத்தில் தண்ணீர் புகாதபடி பூசியிருக்கும் பாலியூரித்தேன் படலம் ஈரத்தில் மெல்லச் சிதையக்கூடியது. சிதைந்தால் துணி பிசுபிசுக்கும், மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு செதிளாக உரியும். அதற்கு மருந்து இல்லை. அன்றிலிருந்து எவ்வளவு களைத்து வந்தாலும் முதல் வேலை, மழைத்துணியைக் குளியலறைத் திரைக் கம்பியில் தொங்கவிடுவது. பல்கனியில் துணி காயப்போட எங்கள் கட்டடத்தில் விடமாட்டார்கள்.

கரடியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நான் பார்த்ததில்லை. ஆனால் சாப்பாடு மட்டுமல்ல, பற்பசைகூடக் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. மணக்கும் எதுவும் காருக்குள் போக வேண்டும். 2019 இல் எங்களோடு வந்த மாமி, புட்டுக்குப் பொரிக்கவென்று சொல்லாமல் கொள்ளாமல் நெத்தலிக் கருவாடு கொண்டுவந்திருந்தார். மூன்று இரவுகள் அது காருக்குள் தூங்கியது. செப்டம்பர் வரைக்கும் அந்தக் கார் யாழ்ப்பாணத்துச் சந்தையாகவே இருந்தது.

2022 இல் ஒருமுறை ஆர்.வி. எனும் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்து, மின் இணைப்புள்ள மனையில் தங்கினோம். மாமியின் முழங்காலுக்காக. கட்டில், அடுப்பு, குளிர்சாதனம் எல்லாம் இருந்தன. குளிர்சாதனம் ஓடும்போது கேத்தலையும் போட்டதால் இருமுறை மின்சாரம் அறுந்தது; அதைக்கூடப் பொறுக்கலாம். கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் குழாயைப் பிடித்தபடி வரிசையில் நின்ற அரைமணி நேரத்தில், கணவர் அந்த விடுமுறையில் அதிகம் பேசாதவராக மாறியிருந்தார். போதாக்குறைக்கு, ஜன்னலைச் சாத்திக் குளிர்சாதனத்தைப் போட்டதும் லூன் பறவையின் குரல் கேட்கவில்லை. கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் 1987 முதல் இருக்கும் அதே பறவைதான். நள்ளிரவில் ஏரியின் நடுவிலிருந்து நீளமாக எழும். முதல் வருடம் ஓநாய் என்று நினைத்துச் சின்னவன் என் போர்வைக்குள் புகுந்தான். இரண்டாம் நாள் காலையில் மாமியே கேட்டார், "அந்தப் பறவை இந்த முறை வரவில்லையா?"

கூடாரம் மாமிக்குச் சரிவருமா என்றால், தரையிலிருந்து எழும்ப இருவர் கைகொடுக்க வேண்டும். மடிக்கும் கட்டில் ஒன்று வாங்கிய பிறகு ஒருவர் போதும்.

சென்ற கோடை முடிவில் மழைத்துணியின் ஒரு மூலை லேசாகப் பிசுபிசுக்கத் தொடங்கியது. கரும்புள்ளி விழுந்த அதே மூலை. உடல் பகுதியும் தளமும் நன்றாகவே இருப்பதால் புதுக் கூடாரம் வாங்காமல் பெரிய தறப்பாள் ஒன்று மட்டும் வாங்கியிருக்கிறோம். மழைத்துணி மூன்று நாளாகக் குளியலறையில் தொங்கியது. குளிக்கப் போன மகன் காலில் பைன் ஊசியிலை குத்தி, ஈரத்தலையோடு வந்து, அடுத்த பெப்ரவரியில் எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும் என்று கேட்டான்.