ருசி பார்க்க மனுஷ நாக்கா, பூனை நாக்கா?

நாய், பூனைத் தீனிக்கு ருசி பார்க்க ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பார்கள் என்றால் குளச்சலில் யாரும் நம்பமாட்டார்கள். உண்மைதான். வாயில் போட்டு மென்று துப்பிவிடுவார்கள்.

மனுஷ நாக்கின் வசதி, அது பேசும். 'எண்ணெய் சிக்கு வாடை அடிக்குது, நறநறன்னு முள் தட்டுது' என்று காரணத்தோடு சொல்லும். ஆனால் சாப்பிடப் போவது பூனை. அதற்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணர வேண்டிய மரபணு அதனிடம் செயலற்றுக் கிடப்பது 2005-இல் வெளிவந்தது. சுவை மொட்டுகள் நமக்கு ஆயிரக்கணக்கில் என்றால் அதற்குச் சில நூறுதான். மணம் பிடித்தால்தான் வாயே வைக்கும்.

பூனையிடம் கேட்கும் முறை எளிது: இரண்டு கிண்ணம் வைத்து, மிச்சத்தை நிறுத்துப் பார்ப்பது. மறுநாள் கிண்ணங்களை இடம் மாற்றணும். இல்லாவிட்டால் பழகிய பக்கமே போகும். எங்கள் வீட்டுத் திண்ணையில் பாக்கெட் தீனியும் அவித்த சாளை மீனும் வைத்தேன். இரண்டு நாளும் சாளைக் கிண்ணம் கழுவி வைத்தமாதிரி. பாக்கெட்டை முகர்ந்ததோடு சரி. ஏன் என்று மட்டும் சொல்லவில்லை, நன்றிகெட்டது.

என் ஓட்டு பூனைக்கே. கெட்ட சரக்கைப் பிடிக்க மட்டும் மனுஷர் வேண்டும். அதற்கும் நாக்கு எதற்கு? எங்கள் அம்மை சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள்.