எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்: 364 ஜிபிக்குள் குடித்தனம் நடத்த முடியுமா?

அட்டைப்பெட்டியில் 512 ஜிபி என்று போட்டிருக்கும். மைக்ரோசாஃப்டின் இந்த கேம் கன்சோலை டிவியில் மாட்டி ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்தால் கேம்களுக்கு 364 ஜிபிதான். மீதி எங்கே போயிற்று? ஒரு பகுதி வெறும் கணக்கு வித்தியாசம். தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கன்சோல் 1024-ஆல் வகுக்கிறது. அதிலேயே 512 என்பது 476 ஆகச் சுருங்கிவிடும். அதற்கும் கீழே ஏறத்தாழ 110 ஜிபியை சிஸ்டம் தனக்கென்று வைத்துக்கொள்கிறது. பாதியில் விட்ட கேமை விட்ட இடத்திலிருந்தே திறக்கும் க்விக் ரெஸ்யூம் வசதிக்கான இடமும் இதில் அடக்கம். இதை எந்த செட்டிங்கை மாற்றியும் மீட்க முடியாது.

2023 செப்டம்பரில் வந்த கருப்பு நிற 1 டிபி மாடலில் கைக்குக் கிடைப்பது சுமார் 802 ஜிபி. சிஸ்டம் பிடிக்கும் இடம் டிரைவின் அளவுக்கு ஏற்ப இரட்டிப்பாவதில்லை என்பதால், பெட்டியில் இரண்டு மடங்காகத் தெரிவது கையில் 2.2 மடங்காகிறது. வேறு எதிலும் இரண்டு மாடலுக்கும் வித்தியாசமில்லை: அதே பிராசசர், அதே 10 ஜிபி ரேம். கூடுதல் காசு முழுக்க இடத்துக்குத்தான்.

364-இல் எத்தனை கேம் கொள்ளும்? இன்றைய பெரிய கேம்கள் பல 100 ஜிபியைச் சர்வசாதாரணமாகத் தொடுகின்றன. அப்படிப்பட்டவை மூன்று, கொசுறாகச் சின்னச் சின்ன கேம்கள் சில. அவ்வளவுதான். ஆனால் இந்த கன்சோலுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. இது 1440பி படத் துல்லியம் வரைக்குமே குறிவைக்கிறது என்பதால், அதைவிடத் துல்லியமான 4கே டெக்ஸ்சர்களை, அதாவது பொருள்களின் மேற்பரப்புப் படங்களை, பல கேம்கள் இதற்கு அனுப்புவதில்லை. அதே கேம் இதன் அண்ணனான சீரிஸ் எக்ஸில் பிடிப்பதைவிட இங்கே குறைவாகவே பிடிக்கும். பழைய எக்ஸ்பாக்ஸ் 360 கேம்கள் டிவிடி காலத்தவை, பெரும்பாலும் 8 ஜிபிக்குள் அடங்கிவிடும். அவற்றை மட்டும் ஆடுபவருக்கு 364 என்பது மாளிகை.

டிஸ்க் டிரைவ் கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு கேமை டெலீட் செய்துவிட்டுத் திரும்ப வேண்டுமென்றால் முழுவதையும் மறுபடி டவுன்லோட் செய்தாக வேண்டும். 100 ஜிபிக்கு 100 எம்பிபிஎஸ் இணைப்பில் சுமார் இரண்டேகால் மணி நேரம், 50 எம்பிபிஎஸ்ஸில் நான்கரை மணி நேரம். அதுவும் வேகம் கடைசிவரை குறையாமல் இருந்தால். ஆகவே எத்தனை ஜிபி வேண்டும் என்பதற்கு முன்னால் இணைப்பின் வேகத்தைப் பார்க்க வேண்டும். வேகமான, அளவில்லாத இணைப்பு இருப்பவர் அழித்து அழித்து ஆடலாம். மற்றவருக்கு ஒரு கிடங்கு தேவை.

அந்தக் கிடங்குதான் யூஎஸ்பி டிரைவ். விதி இதுதான்: பழைய தலைமுறைகளான எக்ஸ்பாக்ஸ் ஒன், 360, முதல் எக்ஸ்பாக்ஸ் கேம்களை யூஎஸ்பி டிரைவிலிருந்து நேரடியாகவே ஆடலாம். 'எக்ஸ்|எஸ்' முத்திரையுள்ள புதிய கேம்களை அங்கே வைக்கலாம், அப்டேட்கூடச் செய்யலாம், ஆட மட்டும் முடியாது. ஆடுவதற்கு உள்ளே கொண்டுவர வேண்டும். கன்சோலின் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத வேகமான சேமிப்பு டிரைவ்) நொடிக்கு 2.4 ஜிபி தரும் வேகத்தை நம்பி அந்த கேம்கள் எழுதப்பட்டிருக்கின்றன. யூஎஸ்பி போர்ட்டுக்கு அந்த வேகம் எட்டாது.

டிரைவ் குறைந்தது 128 ஜிபியும் யூஎஸ்பி 3.0-வும் இருக்க வேண்டும். சாதாரண 2.5 அங்குல ஹார்ட் டிரைவிலிருந்து 100 ஜிபி கேமை உள்ளே கொண்டுவர கால் மணி நேரம் ஆகும், டிரைவ் நிரம்ப நிரம்ப இன்னும் இழுக்கும். யூஎஸ்பி எஸ்எஸ்டி என்றால் நான்கைந்து நிமிடம். புதிய கேம்களை அடிக்கடி மாற்றி மாற்றி ஆடுபவருக்கு எஸ்எஸ்டி, பழைய கேம்களைக் குவித்து வைப்பவருக்கு ஹார்ட் டிரைவ். பென் டிரைவ் வேண்டாம். தொடர்ந்து எழுதும்போது பலவும் சூடேறி வேகத்தை இழக்கும்.

இணைக்கும்போது இரண்டு கேள்வி வரும். முதலாவது, ஃபார்மேட் செய்யவா என்பது. 'ஆம்' என்றால் டிரைவில் ஏற்கெனவே இருக்கும் படம், பாட்டு எல்லாம் போய்விடும்; அந்த டிரைவைக் கணினியும் படிக்காது. இரண்டாவது, இனி கேம்களை இங்கேயே இன்ஸ்டால் செய்யவா என்பது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'ஆம்' என்று தட்டிவிட்டால் புதிய கேமும் யூஎஸ்பிக்கே போய் உட்கார்ந்துகொள்ளும். மணிக்கணக்கில் டவுன்லோட் ஆன பிறகு, ஆட வேண்டுமானால் உள்ளே நகர்த்து என்று கன்சோல் சொல்லும். இப்போதுள்ள இடமே இருக்கட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே தட்டியிருந்தால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் டிவைசஸ் என்று போய் மாற்றலாம்.

டிரைவைக் கன்சோல் ஏற்க மறுத்தால், டிரைவைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள். பழைய 2.0 கேபிளில் மாட்டினால் டிரைவ் நல்லதாக இருந்தும் கேம்களுக்கு ஆகாது என்றே வரும். 3.5 அங்குல டிரைவுக்குத் தனி மின் அடாப்டர் வேண்டும், போர்ட்டின் மின்சாரம் அதற்குப் பற்றாது. கேம் நகர்ந்துகொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நகர்த்துவது எளிது: கேமின் மேல் நின்று மெனு பட்டன், மேனேஜ் கேம், மூவ் ஆர் காப்பி. அதே பக்கத்தில் கேமின் பாகங்களும் தனித்தனியாகத் தெரியும். கால் ஆஃப் டூட்டி போன்றவற்றில் கதைப் பகுதியை முடித்துவிட்டால் அதை மட்டும் நீக்கிவிட்டு மல்டிபிளேயரை வைத்துக்கொள்ளலாம். நீக்கிய கேம்கள் விட்டுச்சென்ற ஆட்-ஆன்களையும் ஸ்டோரேஜ் பக்கம் காட்டிக்கொடுக்கும். சேவ் ஃபைல்கள் இணையத்தில் பத்திரமாக இருக்கும், கேமை நீக்கினால் ஆட்டம் வீணாகாது. ஆஃப்லைனிலேயே ஆடியவர் மட்டும், நீக்கும் முன் ஒருமுறை இணையத்தில் இணைத்து சிங்க் ஆகவிட வேண்டும்.

கன்சோலின் பின்னால் செருகும் எக்ஸ்பான்ஷன் கார்டுதான் குறையில்லாத தீர்வு. உள் எஸ்எஸ்டிக்கு இணையான வேகம், புதிய கேம்களும் அதிலிருந்தே ஓடும், 1 டிபி கார்டில் சுமார் 920 ஜிபி கிடைக்கும். தயங்க வைப்பது விலை. அறிமுகமான காலத்தில் 1 டிபி கார்டு கன்சோலின் விலையில் முக்கால் பங்கை நெருங்கியது. குறைந்த விலைக்காக வாங்கிய கன்சோலுக்கு இது கொஞ்சம் முரண். பின்னாளில் சீரிஸ் எக்ஸுக்கு மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் நியாயம், கார்டை அப்படியே அதில் மாற்றிச் செருகலாம். கணினியில் பொருத்தும் சாதாரண எம்.2 எஸ்எஸ்டி இந்த ஸ்லாட்டில் நுழையாது.

புதிதாக வாங்குவோர் ஆண்டுதோறும் வரும் துப்பாக்கிச் சண்டை, கார் பந்தய கேம்களை ஒரே நேரத்தில் வைத்திருப்பவர் என்றால் 1 டிபி மாடலையே எடுக்கலாம், பின்னால் கார்டு வாங்குவதைவிட அது லாபம். ஒரு நேரத்தில் இரண்டு கேம் ஆடுபவருக்கு 512 போதும். முதல் நாளே டிரைவ் வாங்கத் தேவையில்லை. நான்காவது பெரிய கேம் வாசலில் வந்து நிற்கும்போது வாங்கினால் போதும்.