தாத்தா வீட்டை இடித்து அம்மாவுக்கு வீடு கட்டினோம்: சிங்கப்பூரிலிருந்து மாயவரத்துக்கு ஐந்து பயணம்

மாயவரத்தில் தாத்தா கட்டிய வீட்டுக்குள் இரண்டு மழைக்காலமாகத் தெருத்தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வீடு இறங்கவில்லை, தெரு ஏறிவிட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் ஒவ்வொரு முறையும் அதன் மேலேயே சாலை போட்டதில், சின்ன வயதில் மூன்று படி ஏறி நான் உட்கார்ந்த திண்ணை இப்போது சாலைக்கு அரை அடி கீழே கிடந்தது. அம்மாவுக்கு 78 வயது, வாக்கர் பிடித்து நடக்கிறாள். கழிவறை கொல்லைக் கடைசியில். கூடத்திலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் நான்கு இடத்தில் படி ஏறி இறங்க வேண்டும். சிங்கப்பூரில் ராத்திரி போன் அடித்தாலே அம்மா விழுந்துவிட்டாளோ என்றுதான் எடுப்பேன்.

முதலில் வீட்டைத் தூக்கலாமா என்று பார்த்தோம். ஜாக்கி வைத்து வீட்டை அப்படியே மூன்று நான்கு அடி உயர்த்தித் தரும் ஆட்கள் தமிழ்நாட்டில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். வந்து பார்த்தவர் சுவரில் ஓரிடத்தில் ஆணியால் சுரண்டினார். மேல்பூச்சு சுண்ணாம்பு, செங்கலுக்கு நடுவே வெறும் களிமண். "தூக்கினா நடுவுல பிரிஞ்சிடும்மா, இடிச்சுக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு ஒரு ரூபாய்கூட வாங்காமல் போனார். அவருக்குக் கிடைக்க வேண்டிய வேலையை அவரே வேண்டாம் என்றார். அந்த நேர்மையை மறக்க மாட்டேன்.

2025 பொங்கலுக்குப் போனது முழுக்கக் காகித வேலைக்கு. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருப்பது காவிரி டெல்டாக்காரர்களுக்குப் பெரிய வசதி. 2024 ஜூனிலிருந்து புது முனையம் வேறு. இறங்கி மூன்று மணி நேரத்தில் வீட்டு வாசல். பட்டா அப்பா பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, அப்புறம் அம்மா, நான், தம்பி மூவர் பெயருக்கும் பட்டா மாற்றம். முக்கால்வாசியை இணையத்திலேயே விண்ணப்பிக்க முடிந்தது.

தம்பி துபாயில் இருக்கிறான். அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு, தன் சார்பில் கையெழுத்துப் போடச் சித்தப்பா மகனுக்குப் பவர் பத்திரம் எழுதி அனுப்பினான். இந்த இடத்தில் நாங்கள் தடுக்கி விழப் பார்த்தோம். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்குள் வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அது தெரியாமல் சித்தப்பா மகன் கவரைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். பத்திர எழுத்தர் தேதியைப் பார்த்துச் சொன்னபோது ஒன்பது நாள்தான் பாக்கி. வெளிநாட்டிலிருந்து பவர் அனுப்புகிறவர்கள் கூரியர் வந்து சேர்ந்த தேதியை ஒரு தாளில் எழுதி அதோடேயே வைத்துவிடுங்கள்.

கட்டட அனுமதிக்குத்தான் நான் மிகவும் பயந்தேன். ஆனால் அதுதான் எல்லாவற்றையும்விடச் சுலபமாக முடிந்தது. 2024 ஜூலை 22 முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறை இருக்கிறது. 2,500 சதுர அடிக்குள்ளான மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, ஒற்றைச்சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் ஏற்றிக் கட்டணம் கட்டினால் அனுமதி உடனே வந்துவிடும். எங்கள் மனை 24 அடிக்கு 92 அடி, 2,208 சதுர அடி. நாங்கள் கட்டியது மேலும் கீழும் சேர்த்து 1,400. அனுமதி சுலபம் என்பதற்காக வரைபடத்தில் ஒன்றைக் காட்டி இடத்தில் வேறொன்றைக் கட்டக் கூடாது. அதில் உள்ளது உண்மை என்று உறுதி சொல்வது நாம்தான்.

இடிக்கும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் வந்தவர் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "காசே வேண்டாம்மா, இடிச்சு மண்ணை அள்ளித் தர்றேன், சாமானை நான் எடுத்துக்கறேன்" என்றார். இரண்டாவது முறையாக, இருபது நாள் விடுப்பில் வந்தவளுக்கு அது பெரிய உதவியாகத்தான் தெரிந்தது. சரி என்று சொல்லவும் வாயெடுத்துவிட்டேன். அம்மாதான் தடுத்தாள். "மொதல்ல ஆசாரியைக் கூப்பிட்டு மரத்தை எண்ணு."

ஆசாரி ஏணி போட்டு ஏறி, உத்திரத்தில் ஒரு மூலையை உளியால் சீவினார். எண்பது வருடக் கரிக்குக் கீழே தேன் நிறம். மூக்கருகே கொண்டுவந்து காட்டினார், தோல் பதனிட்ட மாதிரி ஒரு வாசனை. பர்மாத் தேக்கு என்றார். 14 அடி நீளம், 8 அங்குலத்துக்கு 6 அங்குலம், ஒவ்வொன்றும் நாலரைக் கன அடிக்கு மேல். அப்படிப் பதினொன்று. அது தவிர நான்கு தூண், முற்றத்தைச் சுற்றிய கூரையின் கைமரங்கள், ஏழு கதவு நிலை, கதவுகள், ஜன்னல் கம்பிகள், கருங்கல் படி, அம்மி, உரல். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் படம் எடுத்து, மூன்று பேரிடம் விலை கேட்டோம். நமக்கு வேண்டியதைத் தனியே எடுத்து வைத்த பிறகும், இடித்து அப்புறப்படுத்துவது அவர் செலவு என்ற பேச்சில், ஒருவர் எங்களுக்கு 1,85,000 ரூபாய் கொடுத்தார். செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

அடுத்தது பக்கத்து வீட்டுச் சுவர். எங்கள் தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். கிழக்குப் பக்கத்து அத்தை வீட்டுக் கைமரங்கள் எங்கள் சுவர் மேல்தான் உட்கார்ந்திருந்தன. யந்திரத்தைக் கொண்டுவந்து தட்டியிருந்தால் அவர்கள் கூரையும் கூடவே வந்திருக்கும். இடிப்பதற்கு முன் அத்தையோடு அவர்கள் வீட்டுக்குள் போய், சுவரில் ஏற்கெனவே இருந்த விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்துக்கொண்டோம். அந்தச் சுவரை எட்டடி உயரத்துக்கு அப்படியே விடுவது, அதற்கு மூன்றடிப் பக்கத்தில் யந்திரம் வரக் கூடாது, கடப்பாரையால் கையிடிப்புதான், வெளியே தெரியும் பக்கத்தை எங்கள் செலவில் பூசித் தருவது என்று ஒரு தாளில் எழுதி இரண்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டோம். இதனால் இடிப்பு நான்கு நாள் கூடுதலாக ஆனது. அத்தை இன்றைக்கும் எங்களோடு பேசுகிறார்.

இடித்துப் புதிதாகக் கட்டுகிற வேலைக்கு வீட்டு மின் இணைப்பிலிருந்து கரண்ட் எடுக்கக் கூடாது. தற்காலிக இணைப்பு தனியாக வாங்க வேண்டும், யூனிட் விலையும் கூடுதல். அதை இடிப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிட்டால் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வரைபடத்தில்தான் அம்மாவுக்கான வீடு உருவாக ஆரம்பித்தது. சாலை இன்னும் உயரும் என்று கணக்குப் போட்டு, தரைமட்டத்தைச் சாலையிலிருந்து இரண்டு அடி தூக்கினோம். இரண்டு அடிக்கு வாசலில் படி வைத்தால் அம்மா ஏற முடியாது. சாய்தளம் என்றால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், ஆக 24 அடி. வாசலில் அவ்வளவு இடம் ஏது? பொறியாளர் பென்சிலை மேற்குப் பக்கச் சந்தில் வைத்தார். நான்கு அடி அகலத்தில் சந்தோடு நீளமாக ஏறி, கூடத்தின் பக்கவாசலில் போய்ச் சேர்கிற சாய்தளம். அந்த ஒரு கோட்டை வைத்துத்தான் மற்ற அறைகள் எல்லாம் அமைந்தன.

அம்மா அறையை 16க்கு 14 என்று கேட்டேன். மேஸ்திரி தலையை ஆட்டினார். "பதினாலு மனையடி சாஸ்திரத்துக்கு ஆகாதுக்கா, ஒண்ணு பதினொண்ணு, இல்லேன்னா பதினாறு." பதினாறாகவே போட்டோம். அந்த இரண்டடி வந்ததால் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஐந்தடி வட்டம் தாராளமாகக் கிடைத்தது. நாளைக்கு வாக்கர் போய் நாற்காலி வரலாம், அதையும் நினைத்துத்தானே கட்ட வேண்டும். குளியலறைக் கதவு மூன்றடி, வெளிப்பக்கம் திறப்பது. உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக்கொண்டாலும் திறக்க முடியும்.

டெல்டாவில் அஸ்திவாரத்துக்குக் காலம் முக்கியம். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்தால், தோண்டிய குழியில் ஊற்று எடுக்கும். அதனால் மே மாதத்துக்குள் தூண் குழிகளை முடித்து, அஸ்திவாரத்துக்கு மேல் சுற்றி ஓடும் பெல்ட் கான்கிரீட்வரை வந்துவிட வேண்டும் என்று மேஸ்திரி பிடிவாதமாக இருந்தார், முடித்தும் காட்டினார். ஐந்தடிக் குழியில் ஒரே ஒரு நாள்தான் மோட்டார் வைத்து இறைக்க வேண்டியிருந்தது.

சாமான் நாங்கள் வாங்கி, கூலி மட்டும் அவரிடம் பேசினோம். சொந்தமாக ஒரே வீடு கட்டும்போது கூலி மட்டும் பேசும் ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. சாமானோடு சேர்த்துப் பேசினால் 18 சதவீதம். சதுர அடிக் கணக்கில் பேசும் கூலியில் எவை எவை சேரும் என்பதை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். சன்ஷேடு, பரண், படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், சம்ப், செப்டிக் டேங்க், எல்லாச் சண்டையும் இவற்றில்தான் வரும். சனிக்கிழமைக் கூலியை வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியாவில் வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்கிலிருந்து யுபிஐயில் அனுப்பினேன். சிங்கப்பூர் போன் எண்ணிலேயே அது வேலை செய்கிறது. வேலை பாதியில் இருக்கும்போது செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் வரி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் பூச்சு வேலைக்கு உதவியது.

ஜூலை முதல் வாரம் கூரை கான்கிரீட் போடும் நாளுக்குப் போயிருந்தேன். காலை ஆறு மணிக்குக் கம்பிக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தேன். பலகைக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளிக்காகக் கையில் கிடைத்த ஜல்லியைச் செருகியிருந்தார்கள். சில இடத்தில் கம்பி பலகையில் படுத்தே கிடந்தது. அப்படியே ஊற்றியிருந்தால் பத்துப் பதினைந்து வருடத்தில் துருப்பிடித்து அடிப்பூச்சு பெயர்ந்து விழும், அம்மா தலைக்கு நேராக. கலவை யந்திரத்தை நிறுத்தச் சொல்லி, கம்பியைத் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டைகளான கவர் பிளாக் வாங்கி வந்து வைத்த பிறகுதான் ஆரம்பித்தோம். ஒன்றரை மணி நேரம் தாமதம். மேஸ்திரிக்கு முகம் வாடியது உண்மை, ஆனால் மாடிக்கூரைக்கு அவரே முன்கூட்டி வாங்கி வைத்திருந்தார். கூடம் 16 அடி அகலம் என்பதால் கூரைப் பலகையைத் தாங்கிய முட்டுகளைப் பதினான்கு நாள் எடுக்கவில்லை. கூரை மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம்.

ஐப்பசிக் கடைசி நாளில் காவிரியில் முழுகும் கடைமுழுக்குக்கு முன்னால் நான்காவது முறை, சொல்லாமல் போனேன். அம்மா குளியலறையில் குழாய் போகத் தாழ்த்தி விட்ட பள்ளத்தை நிரப்பி, மறுநாள் டைல்ஸ் ஒட்டத் தயாராக இருந்தது. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்துத் தண்ணீர் நிறுத்திப் பார்த்தீர்களா என்று பிளம்பரிடம் கேட்டேன். அடித்தாச்சு என்றார். ஓரத்தில் கொத்திப் பார்த்தால் பூச்சே இல்லை, வெறும் செங்கல் துண்டு. தினமும் வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூடிய தரைக்குக் கீழே இருப்பதை எந்தக் கேமரா காட்டும்? முழுவதையும் அள்ளி எடுத்து, பூச்சு அடித்து, இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்து, அப்புறம்தான் மூடினோம். ஊருக்கு ஒரு முறைதான் போக முடியும் என்றால் கிரகப்பிரவேசத்துக்குப் போவதைவிட இந்தக் கட்டத்தில் போய் நிற்பதையே சொல்வேன்.

பழைய வாசல் நிலையை நாங்கள் விற்கவில்லை. இடித்த வீட்டு மரம் புது வீட்டில் ஏறக் கூடாது என்று தெருவில் இரண்டு பேர் சொன்னார்கள். "அது என் மாமனார் வெச்ச வாசல், என்னை அழைச்சுண்டு வந்த வாசல்" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். ஆனால் அதன் கீழ்ப்படி ஐந்து அங்குல உயரம். வாக்கர் தாண்டாது. படியே இல்லாமல் செய்துவிடலாம் என்றேன். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கப் படி இல்லாத வாசலா என்று அம்மா சாப்பிடாமல் இருந்தாள். ஆசாரி ஒரு ராத்திரி யோசித்துவிட்டு வந்தார். படியை வெட்டவில்லை, தரைக்குள் இறக்கினார். மேல் முகம் மட்டும் டைல்ஸோடு சமமாகத் தெரிகிற மாதிரி, கீழே கரையான் மருந்தும் தாரும் அடித்து. வாக்கர் தட்டாமல் போகிறது, மஞ்சள் பூசவும் படி இருக்கிறது. இறக்கியதில் குறைந்த நிலையின் உயரத்துக்கு மேலே புதுத் தேக்கில் ஒட்டுப் போட்டார். பழைய மரத்துக்கும் புது மரத்துக்கும் நிற வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது, அதை மறைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

2026 தையில் கிரகப்பிரவேசம். அம்மா சாய்தளத்தில் ஏறி வர மாட்டேன், வாசல் வழியாகத்தான் வருவேன் என்றாள். அன்றைக்கு மட்டும் தம்பியும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு முன்படிகளில் ஏற்றினோம். நிலையைத் தாண்டும்போது கையை விடச் சொன்னாள், விட்டோம். ஈர மஞ்சள் வாக்கர் ரப்பரில் ஒட்டிக்கொண்டு, வாசலிலிருந்து அவள் அறைவரைக்கும் தரையில் நான்கு நான்கு புள்ளியாகப் போயிருந்தது. மூன்று நாள் அதைத் துடைக்க விடவில்லை.

அம்மா அறைப் பரண் கதவு இன்னும் வரவில்லை. சாய்தளத்துக்குக் கைப்பிடியும் ஒரு பக்கம்தான் ஆகியிருக்கிறது. சித்திரையில் போகும்போது இரண்டையும் முடித்துவிட்டு வர வேண்டும்.